கண் வைத்தல்

அந்தப் படம் நாற்பத்தைந்து நொடி ஓடும். சத்தம் கிடையாது. சாம்பல் நிறப் பின்புலத்தில் ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். ஓரத்தில் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பதினேழாம் மணி நேரத்துக்குப் பக்கத்தில் உள்வட்டத்தின் நடுவே இரண்டு சின்னக் குமிழ்கள் தெரியும். ஒன்று என் மனைவியுடையது, இன்னொன்று என்னுடையது என்று ஆய்வகத்துப் பெண் சொன்னார். பிறகு இரண்டும் காணாமல் போகும். ஒரு நடுக்கம். வட்டம் இரண்டாகும், நான்காகும், எட்டாகும். அதற்குப் பிறகு எண்ண முடியாது. நான்காம் நாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்த மாவு உருண்டை மாதிரி ஆகிவிடும். ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்து, உருண்டை விரிந்து, மூச்சு விட்டதுபோல ஒருமுறை சுருங்கி, மறுபடி விரியும். அங்கே படம் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அது வந்தபோது நான் கேளம்பாக்கத்தில், வண்டலூர் சாலை வந்து சேருகிற சிக்னலில் நின்றிருந்தேன். பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருந்தது தெரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இன்னும் நான்கு முறை பார்த்தேன். மனைவிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, வகுப்பு முடிந்த பிறகு, பதில் வந்தது: "இது நாமளா?"

(இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "என் பேரைப் போடாதே, என் வயசைப் போடாதே, மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாள்.)

திருமணமாகி ஏழு ஆண்டுகள். மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை, அரசமரம், ஓர் ஊரில் தொட்டில் கட்டியது என எல்லோரும் போகிற வழியில் நாங்களும் போய், கடைசியில் ஐவிஎஃப் வாசலுக்கு வந்திருந்தோம். பழைய மகாபலிபுரம் சாலையில் இன்று டீக்கடைக்கு அடுத்தபடி அதிகம் கண்ணில் படுவது கருத்தரிப்பு மையங்களின் பலகைதான் என்று எனக்குத் தோன்றும். தேவைப்படுகிறவன் கண்ணுக்கு அதுதான் தெரியும் என்பதும் இருக்கலாம். நாங்கள் போன மையத்தில் 'டைம் லாப்ஸ் இன்குபேட்டர்' இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். கரு இருக்கும் தட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், உள்ளேயே இருக்கும் நுண்ணோக்கியும் கேமராவும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும். வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

என் தொழில் புத்தி இருக்கிறதே, அது துக்க வீட்டிலும் ரவுட்டரைப் பார்க்கும். அன்று இரவு அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 144 படம். ஐந்து நாளுக்கு 720. நாற்பத்தைந்து நொடிக்கு வகுத்தால் நொடிக்கு 16 படம். இந்த 16 எனக்குப் புதிராக இருந்தது. நாங்கள் பழகியதெல்லாம் 24, 25, 30, 60. ஏன் 16 என்று தேடப் போனேன். நொடிக்குப் பதினாறு என்பது மௌனப் படக் காலத்துக் கேமராவின் வேகம். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படம் விழும். நொடிக்கு இரண்டு சுற்று. இன்குபேட்டர் மென்பொருளை எழுதியவர் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார். ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருப்பார், நானும் அப்படித்தான் போடுவேன். ஆனால் அந்த எண் என்னை வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டது. கருவை உள்ளே வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த பன்னிரண்டு இரவுகளும், 1900களில் முட்டைகளைப் படம் பிடித்த மனிதர்களோடுதான் கழிந்தன.

கரு வளர்வதைப் படமாக எடுக்கும் ஆசை சினிமா பிறந்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூலியஸ் ரீஸ் என்பவர் 1907 வாக்கில் கடல் முள்ளெலியின் முட்டை கருவுற்றுப் பிரிவதைப் படமெடுத்தார். 1909இல் பாரிஸில் லூசியென் ஷெவ்ரோடன் என்ற பெண்ணும் ஃப்ரெட் விலெஸ் என்பவரும் அதே கடல் முள்ளெலியின் வளர்ச்சியைப் படமாக்கி, பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஏன் எல்லோரும் கடல் முள்ளெலியையே பிடித்துக்கொண்டார்கள்? அதன் முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பது வெளியே தெரியும். தாயின் உடலுக்கு வெளியே, கடல்நீரிலேயே கருவுறும். ஆயிரக்கணக்கில் கிடைக்கும், ஒன்று கெட்டால் இன்னொன்று. காத்திருக்கவும் அதிகம் வேண்டாம், ஓரிரு மணி நேரத்தில் முதல் பிரிவு நடந்துவிடும். கருவியலின் பாதிச் சரித்திரம் இந்த ஒரு பிராணியின் வெளிப்படையான சுபாவத்தால் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

அந்தப் படங்கள் வருவதற்கு முன்பும் கருவின் வளர்ச்சி தெரியாமல் இல்லை. படிப்படியாக வரைந்து வைத்திருந்தார்கள். இரண்டு செல், நான்கு செல், எட்டு செல் என்று புத்தகத்தில் வரிசையாக இருக்கும். ஆனால் வரிசைப் படத்தில் நடுக்கம் இல்லை. இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன்னால் முட்டைக்கு ஒரு தவிப்பு வருகிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஓடும் படத்தில்தான் தெரியும். நான் பத்தாம் வகுப்பில் பார்த்திருக்க வேண்டியதும் அந்த வரிசைப் படம்தான். பார்க்கவில்லை. எங்கள் உயிரியல் ஆசிரியர் அந்தப் பாடம் வந்த அன்று பூவின் மகரந்தச் சேர்க்கையை மிக விரிவாக நடத்தினார். பலகையில் கலர் சாக்பீஸால் செம்பருத்திப் பூ வரைந்தார். அடுத்த பக்கம் வந்ததும், "இது நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க, ரெண்டு மார்க்தான் வரும்" என்று புத்தகத்தை மூடிவிட்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அவர் செய்ததைத்தான் அமெரிக்காவும் செய்திருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே பள்ளிகளுக்கும் படைவீரர்களுக்கும் காட்டவென்று இனப்பெருக்கம் பற்றிய மௌனப் படங்கள் வரத் தொடங்கின. ஜார்ஜ் ஸ்டோன் எடுத்த 'ஹவ் லைஃப் பிகின்ஸ்' 1916 வாக்கில் வந்தது. 1920இல் அமெரிக்கச் சமூகச் சுகாதாரச் சங்கத்தின் 'தி கிஃப்ட் ஆஃப் லைஃப்'. இந்த வகைப் படங்களுக்கென்று ஓர் ஏணி உண்டு. முதல் படியில் ஒரு செல் உயிர், அடுத்து பூ, அடுத்து மீன் அல்லது தவளை, அதற்கு மேல் கோழி, முட்டையை உடைத்துக்கொண்டு குஞ்சு வரும், பாலூட்டி ஒன்று தலை காட்டும். அதன்பின் ஒரு வெட்டு. வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் குழந்தையை ஏந்தியபடி உட்கார்ந்திருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்வையாளர் ஊகித்துக்கொள்ள வேண்டும். "வீட்ல படிச்சுக்கோங்க" என்பதன் மௌனப் பட வடிவம் அந்த வெட்டு.

எங்களுக்கு அந்த ஏணி தலைகீழாக வந்தது. ஆய்வகத்துப் பெண் எங்கள் இருவரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, "இப்ப பாருங்க மேடம், ரெண்டு ப்ரோநியூக்ளியஸ், இது நார்மல். இங்க பாருங்க சார், ஒண்ணு ரெண்டாகுது. ஒண்ணு நேரா மூணா ஆனா நல்லதில்ல, இது அப்படி ஆகல" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான் மனதுக்குள் கொட்டகைகளை நினைத்துக்கொண்டேன். மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல அந்தக் காலத்தில் ஒருவர் இருப்பார். வெட்டி எடுக்கப்பட்ட அந்த ஒரு துண்டு மட்டும் எங்களுக்கு விளக்கவுரையோடு கிடைத்தது. முன்னும் பின்னும் கிடைக்கவில்லை.

*

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா போன பிறகு அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு கேளம்பாக்கத்தில் எட்டாவது மாடிக்கு வந்தவள். பால்கனியிலிருந்து பார்த்தால் கோவளம் சாலையும் அதன் இருபுறமும் உப்பளப் பாத்திகளும் தெரியும். "வயக்காடு மாதிரியே இருக்கு, ஒண்ணுதான் முளைக்காது" என்பாள்.

அவளிடம் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது என்று மனைவி இன்றும் சொல்கிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தாள்.

"யாருப்பா இத எடுத்தது?"

"மெஷின் எடுக்குதும்மா. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க."

"ராத்திரிக்குமா?"

"ராத்திரிக்கும்தான்."

"அப்பறம் எப்படிப்பா தரிக்கும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முளைப்பாரி வைத்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு எட்டு நாள் முன்பு தானியங்களை ஊறவைத்து, எரு பரப்பிய ஓடுகளில் தூவி, ஓர் இருட்டு வீட்டில் வைப்பார்கள். விரதம் இருக்கிற பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். மற்றப் பெண்கள் வெளியே கும்மி கொட்டுவார்கள். வெளிச்சம் படாமல், கண் படாமல் வளர வேண்டும். எட்டாம் நாள் தலையில் வைத்து எடுத்து வரும்போது பார்த்தால் வெளிர் மஞ்சளில் ஒரு முழ உயரத்துக்கு நிற்கும். ஒளியைத் தேடித்தான் அப்படி நெடுகிப் போகிறது என்று பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் சொல்லும். அம்மாவின் கணக்கில், யாரும் பார்க்காததால்தான் அது வளர்ந்தது.

அந்த இரவு கோபத்தோடு படிக்க உட்கார்ந்தபோது, அம்மாவின் கேள்வியைத்தான் ஷெவ்ரோடன் காலத்து ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அவர்களுடைய முதல் சிக்கலே வெளிச்சம்தான். நுண்ணோக்கி வழியாகப் படச்சுருளில் உருவம் பதிய வேண்டுமானால் வில்விளக்கின் கொடும் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமும் சூடும் முட்டையைக் கொன்றுவிடும். அதனால் விளக்குக்கும் முட்டைக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டி வைத்துச் சூட்டை வடிகட்டினார்கள். படம் விழும் அந்தக் கணத்துக்கு மட்டும் வெளிச்சம் திறந்து மூடும்படி மூடி அமைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் முட்டை இருட்டில் இருக்கும். இன்றைய இன்குபேட்டரிலும் அதேதான். சிவப்பு விளக்கு, ஒரு நொடிக்கும் குறைவான மினுக்கல், பிறகு பத்து நிமிட இருட்டு. நான் வேலை பார்க்கும் கண்காணிப்பு மென்பொருளிலும் இது தலைவலிதான். சர்வரை அடிக்கடி நலம் விசாரித்தால் விசாரிப்பதே அதற்குச் சுமையாகிவிடும். விசாரிக்காமல் விட்டால் இடையில் செத்துப்போனது தெரியாது. ஆக, பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை, எவ்வளவு என்பதில்தான்.

*

இந்தியாவில் இப்படி யாராவது முட்டையைப் படம் எடுத்தார்களா என்று தேடினேன். முட்டை கிடைக்கவில்லை, விதை கிடைத்தது. அதை எடுத்தவர் வேறு யாருமில்லை, தாதாசாகேப் பால்கே.

'ராஜா ஹரிச்சந்திரா' எல்லோருக்கும் தெரியும். 1913 மே 3, பம்பாய் கொரொனேஷன் தியேட்டர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் எடுத்த ஒரு நிமிடப் படத்தை நம்மில் பலர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். 'அங்குராச்சி வாட்'. முளையின் வளர்ச்சி என்று பொருள். அங்குரம் என்ற சொல் நமக்கும் புதிதில்லை. கோயில் கொடியேற்றத்துக்கும் சில வீட்டுக் கல்யாணங்களுக்கும் முன்னால் பாலிகையில் நவதானியம் விதைக்கிறார்களே, அதன் பெயர் அங்குரார்ப்பணம்.

பால்கேயின் கதையில் கேமராவுக்கும் மரணத்துக்கும் ஆரம்பத்திலேயே முடிச்சு விழுந்திருக்கிறது. கோத்ராவில் புகைப்படக் கடை வைத்திருந்தபோது பிளேக் வந்து முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோய்விட்டது. பிறகு பரோடாவில் மறுபடி கடை போட்டார். கேமரா உடம்பின் சக்தியை உறிஞ்சிவிடும், படம் எடுத்துக்கொண்டால் ஆயுள் குறையும் என்று ஊரில் பேச்சு கிளம்பி அந்தக் கடையும் படுத்தது. அம்மா பரோடாவில் பிறந்திருக்கலாம்.

1911 வாக்கில் பம்பாயில் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்து, நம் கடவுள்களையும் இப்படித் திரையில் நடக்கவிட வேண்டும் என்று அவருக்குப் பித்துப் பிடித்தது. (ஏசு படம்தான் நமக்கும் வாசல். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் ஏசு படத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். மாதச் சம்பளக்காரன் ஒருவன் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிற கதை என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.) பால்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படம் பார்த்துப் பார்த்துச் சில காலம் கண் பார்வையே மங்கிப்போனது. தேறி, காப்பீட்டை அடகு வைத்து, 1912 பிப்ரவரியில் லண்டன் போய் வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். படம் எடுக்கப் பணம் போட ஆள் வேண்டும். இந்தக் கருவியால் என்ன செய்ய முடியும் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்து எதிரே கேமராவை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல், தினமும் படம் பிடித்தார். முளை எழுந்து, கொடியாகிப் படர்ந்தது. சிலரைக் கூட்டிப் போட்டுக் காட்டினார். யஷ்வந்த் நாட்கர்ணி என்பவர் கடன் கொடுக்க முன்வந்தார். மனைவி சரஸ்வதிபாய் நகைகளையும் கொடுத்தார். படச்சுருளில் துளை போடும் வேலையையும் அவர்தான் செய்தார்.

சாமி படத்துக்கு முன்னால் அவர் எடுத்துக் காட்டியது ஒரு கருவின் வளர்ச்சியை. விதைக்குள் இருப்பதும் கருதானே. கடவுள் திரையில் வருவார் என்று சொன்னால் பணக்காரர் நம்ப மாட்டார், தொட்டியில் போட்ட பட்டாணி ஒரு நிமிடத்தில் கொடியானால் நம்புவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. நாளைக்கு ஒரு படம், ஒரு மாதத்துக்கு மேல், விளைவு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான படம் என்று எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு ஒன்று என்றால் முப்பது படம். நொடிக்குப் பதினாறு வேகத்தில் அது இரண்டு நொடிகூடத் தாங்காது. ஒரு நிமிடத்துக்கு 960 படம் வேண்டும். 960ஐ முப்பதால் வகுத்தால் நாளைக்கு 32. கைப்பிடியை நான்கு சுற்று சுற்றினால் 32. ஆக, அவர் தினமும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, நான்கு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் திரையில் ஒவ்வொரு நாளும் இரண்டு நொடி அசையாமல் நின்று, சட்டென்று அடுத்த நாளுக்குத் தாவியிருக்கும். வழுவழுப்பான வளர்ச்சியாக இருந்திருக்காது. நாள் நாளாக எட்டிப் பார்ப்பதைப் போல இருந்திருக்கும். படம் இன்று இல்லை. ஒரு மனிதர் காலையில் எழுந்து, பட்டாணிக்கு முன்னால் இரண்டு நொடி நின்று, போய்விடுவது மட்டும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

*

பன்னிரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தோம். மாலை நான்கு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. "நெகட்டிவ் சார். மாத்திரையெல்லாம் நிறுத்திடச் சொல்லுங்க."

மனைவியைக் கல்லூரி வாசலில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் கோவளம் சாலையில் போனேன். உப்பளம் தாண்டிக் கழிமுகத்துப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினேன். இருவரும் இறங்கவில்லை. "மார்க் எவ்ளோ குடுத்தாங்க அதுக்கு?" என்று கேட்டாள். படத்தை வைத்து மென்பொருளே கருவுக்கு மதிப்பெண் போடும். எங்களுடையதற்குப் பத்துக்கு 8.7. "அப்பறம் என்ன?" என்றாள். அந்த எண் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். முன்பு நல்லபடியாக முடிந்த ஆயிரக்கணக்கான படங்களோடு இந்தப் படத்தை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்கிற எண் அது. இது என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. இதை அவளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நான் அந்தப் பக்கத்து ஆள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு 2024இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைப் படித்தேன். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஏழு மையங்களில் 1575 பேரை வைத்துச் செய்தது. கருவைத் தொடர்ந்து படம் எடுத்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும், வழக்கம்போல வெளியே எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பார்த்ததால் கெடவும் இல்லை, பார்த்ததால் தரிக்கவும் இல்லை. அம்மாவும் மையமும் ஒரே நேரத்தில் தோற்ற ஆட்டம். கட்டிய தனிக் கட்டணத்தை நினைத்து எரிச்சல் வந்தது. ஆனால் அதைக் கட்டாமல் இருந்திருந்தால் அந்த நாற்பத்தைந்து நொடி எங்களிடம் இருந்திருக்காது.

அந்தப் படம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியோடுதான் கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் கதையை மறுபடி படித்தேன். 1978 ஜூலை 25 இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். பத்தே வாரம் கழித்து அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் இவருடைய முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கருவை உறைய வைத்து, பிறகு எடுத்து வைத்து உண்டான குழந்தை. உறைநிலைக் கருவால் பிறந்த குழந்தை உலகில் அதற்கு முன் இல்லை. அரசு அமைத்த குழு நம்பவில்லை. 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று 1986இல் வேறொரு குழந்தையை அறிவித்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமாரே பிற்பாடு முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் ஆள் நானில்லை, அவர்தான் என்று எழுதினார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அதுதான். பால்கே கையில் நாட்கர்ணிக்குக் காட்ட ஒரு நிமிடப் படம் இருந்தது. முகோபாத்யாய் கையில் அந்தக் குழுவுக்குக் காட்ட அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பாலூட்டியின் முட்டை பிரிவதை 1929இலேயே லூயிஸும் கிரெகரியும் முயலில் படமாக எடுத்துவிட்டார்கள். மனிதக் கருமுட்டையை அப்படித் தொடர்ந்து படமெடுத்த ஆய்வு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து 1997இல்தான் வந்தது.

*

நடுவில் ஒரு சனிக்கிழமை நண்பன் முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போனான். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். கொடுவா மீனை அடைப்பிலேயே முட்டையிட வைத்து 1997இல் வெற்றி கண்ட இடம். ஒரு சொட்டுத் தண்ணீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடிக் குண்டு போல நாலைந்து முட்டைகள். ஒன்றில் மீன் சுருண்டு கிடந்தது. இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கருவுற்றுப் பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடுமாம்.

அது படம் இல்லை என்பது மண்டையில் ஏறவே சற்று நேரம் பிடித்தது. வேகமாக ஓட்ட முடியவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், இதயத்தைத் தவிர எதுவும் நகரவில்லை. கழுத்து வலித்தது. கண்ணை எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில் வால் ஒரு துள்ளு துள்ளியது. "எத்தனை தேறும் இதுல?" என்று பக்கத்தில் நின்ற ஊழியரிடம் கேட்டேன். "அத்தனையும் தேறிட்டா கடல் தாங்குமா சார்" என்றார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை, என் தொலைபேசி தானாகவே ஒரு 'நினைவு' தயாரித்துக் கொடுத்தது. ஓராண்டுக்கு முன் இதே நாள் என்று போட்டு, கேளம்பாக்கம் சிக்னலில் எனக்கு வந்த அந்தப் படம். அதற்குப் பின்னணி இசை சேர்த்திருந்தது. கிடார், நடுவில் கைதட்டல் மாதிரி ஒரு தாளம். மௌனப் படக் கொட்டகையில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து வாசித்தது போல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது மனைவி பின்னால் நின்றிருந்தாள். "அழிக்காத. பாட்ட மட்டும் நிறுத்து."

இன்னும் இரண்டு கருக்கள் எங்களுடையவை இருக்கின்றன. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். அவற்றுக்கும் படங்கள் இருக்கின்றன, அனுப்பட்டுமா என்று மையத்தில் கேட்டார்கள். "வேண்டாம் மேடம், இப்ப வேண்டாம்" என்று இவள் சொல்லிவிட்டாள். அம்மா சொல்லியா என்று கேட்டேன். "உங்கம்மாக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள். அடுத்த மாதம் ஒன்றை எடுத்து வைக்கப்போகிறார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழைய போன் ஒன்றைப் பால்கனியில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு தொட்டியில் பட்டாணி போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். நான்கு நாளாகியும் முளைக்கவில்லை, அழுகிவிட்டது. "கடைப் பட்டாணி எங்கிட்டு முளைக்கும்" என்று அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தட்டாம்பயறை எடுத்துக் கொடுத்தாள். ராத்திரியிலும் தெரிய வேண்டுமென்று ஒரு எல்ஈடி விளக்கு மாட்டினேன். மறுநாள் காலை விளக்கு அணைந்திருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்திருந்தது. பேசிப் பார்த்தேன். "பகல்ல எடுத்துக்க. ராத்திரி அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஏழு நாள், 1008 படம். நொடிக்குப் பதினாறாக ஓட்டினால் 63 நொடி, பால்கேயின் பட்டாணி அளவுக்கு. அதில் பாதி கறுப்பு. நாலரை நொடி வெளிச்சம், நாலரை நொடி ஒன்றுமில்லை, மறுபடி வெளிச்சம். முதல் இரண்டு பகலில் மண் மட்டும்தான். மூன்றாவது இருட்டு முடிந்து விடியும்போது மண் வெடித்து ஒரு கொக்கி வெளியே நிற்கிறது. வெளியே வந்த கணம் படத்தில் இல்லை. அங்கங்கே ஒரே ஒரு படத்தில் மட்டும் அம்மாவின் கை வந்து போகிறது, சொம்போடு. மனைவி அதை மடிக்கணினியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கை இரண்டாக இருந்தது. ஒன்றில் வளையல், இன்னொன்றில் கடிகாரம்.

"இது எப்ப?" என்று கேட்டேன்.

"நீ ஆபீஸ் போனப்பறம்" என்றாள்.